ஐந்து நாள் தாடி

டிங்கிக் காய்ச்சலோடு மருத்துவமனையில் சேர்ந்த மூன்றாம் நாள் காலை, தாதியிடம் என் கைப்பையை எடுத்துத் தரச் சொன்னேன். பைக்குள் ஒரு நாப்கின் பொட்டலம் இருந்தது. அந்தப் பொட்டலத்துக்குள் என் சவரக்கத்தி இருந்தது. எந்த ஆணும் பிரித்துப் பார்க்காத இடம் என்பதால் பல ஆண்டுகளாக அதை அங்கேதான் வைத்திருந்தேன்.

நான் பொட்டலத்தைப் பிரித்ததைத் தாதி பார்த்துவிட்டார்.

"இது எதுக்கு அக்கா? தக் போலே, கூடவே கூடாது. பிளேட்லெட் இறங்கிக்கிட்டே போகுது. பல்லு விளக்கறதே மெதுவா விளக்கணும். சின்னதா வெட்டுனாலும் ரத்தம் நிக்காது லா."

பிளேட்லெட் (இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள்) குறைந்தால் சிறு கீறலும் ஆபத்து. அவர் சொன்னது சரிதான். கத்தியை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

எனக்கு அப்போது முப்பத்தொரு வயது. திருமணமாகி மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. பதினைந்து வயதிலிருந்து மறைத்து வந்த முகம் இது. காய்ச்சலில் விழும்வரை முகத்தை மழிக்காமல் நான் ஒரு நாளையும் தொடங்கியதில்லை என்பது அந்த வார்டில் யாருக்கும் தெரியாது. என் கணவர் சேகருக்கும் தெரியாது.

இதைப் படிக்கும் பெண்களில் சிலர், குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு கைப்பேசியில் படிக்கலாம். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். ஆறுதல் சொல்ல எனக்குத் தெரியாது. நடந்ததைச் சொல்கிறேன்.

பதினைந்து வயதில், மூன்றாம் படிவத்தில் படித்தபோது, பள்ளிப் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழி என் முகத்தை வெயிலில் பார்த்துவிட்டு, "கோமதி, உனக்குத் தாடி முளைக்குதுடி," என்றாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தேன். தாடையின் இரண்டு பக்கமும் கருமையாக, சுருட்டையாக, பூனைமுடி இல்லை, கெட்டியான முடி.

அப்பா துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். காலை வேலைக்குப் போகுமுன் குளியலறைக் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு மழிப்பார். நாக்கால் கன்னத்தை உள்ளிருந்து உப்பவைத்து, மேலிருந்து கீழே இழுப்பார். நான் கற்றது அதைப் பார்த்துத்தான். ஆனால் அவர் சோப்பு நுரை பூசுவதை நான் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவருடைய சவரக்கத்திக்கு இரும்புக் கைப்பிடி. தலையைத் திருகித் திறந்தால் இருபக்கமும் கூரான பிளேடு ஒன்று உள்ளே படுத்திருக்கும். அந்தக் கத்தியை எடுத்து, காய்ந்த முகத்தில், அவரைப் போலவே நாக்கை அழுத்திக்கொண்டு இழுத்தேன். தாடைக்குக் கீழே தோல் பிளந்துவிட்டது. முகம் துடைக்கும் தாளைக் கிழித்துக் காயத்தில் ஒட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனேன்.

மறுநாள் அப்பா சத்தம் போட்டார். "யாரு என் பிளேட்டத் தொட்டது?"

"நான்தாங்க. பாவாடைத் தையல் பிரிக்க எடுத்தேன்," என்றார் அம்மா.

அப்பா போன பிறகு அம்மா என்னை அடுப்படிக்கு இழுத்துப் போய்த் தொடையில் கிள்ளினார். "பொம்பளப் பிள்ளை மூஞ்சியில பிளேடு வெக்கலாமா? ஒரு தடவ வெச்சா ஆம்பள மாதிரி கரகரன்னு வளரும். இனிமே தொட்டே, கைய முறிச்சிடுவேன்."

அப்பாவிடம் அம்மா ஏன் பொய் சொன்னார் என்று நான் யோசிக்கவில்லை. என்னைக் காப்பாற்றத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு கஸ்தூரி மஞ்சளும் பயற்றம் மாவும் வந்தன. அம்மா தினமும் என் தாடையைத் தேய்த்துவிடுவார். தோல் சிவந்து பொருக்குத் தட்டும் வரை தேய்ப்பார். முடி அப்படியே இருந்தது. முடி நீக்கும் களிம்பு ஒன்றை நானாக வாங்கிப் பூசினேன். அது சுட்டுப் புண்ணாக்கி, தைப்பூசத்துக்கு முகமெல்லாம் திட்டுத்திட்டாக நின்றேன். அந்த ஆண்டு எடுத்த குடும்பப் படத்தில் நான் மட்டும் கீழே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கடைசியில் பிளேடுதான். மஞ்சள் பிளாஸ்டிக் கைப்பிடி, ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் வகை. எங்கள் அடுக்குமாடி வீட்டுப் பக்கத்துக் கடைகளில் வாங்க முடியாது, எல்லாரும் தெரிந்தவர்கள். பேருந்து ஏறி கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மளிகைக் கடைக்குப் போவேன். கடைக்காரர் ஒவ்வொரு முறையும், "அப்பாவுக்காம்மா?" என்பார். நானும் ஆமாம் என்பேன். ஒருநாள், "உங்கப்பாவுக்கு முரட்டுத் தாடி போல இருக்கே," என்று சிரித்தார். அதோடு அந்தக் கடைக்குப் போவதை நிறுத்திவிட்டேன்.

மாதவிலக்கும் எனக்கு ஒழுங்காக வந்ததில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, சில சமயம் ஐந்து மாதத்துக்கு ஒருமுறை. பத்தொன்பது வயதில் அம்மா ஒரு கிளினிக்குக்கு அழைத்துப் போனார். அங்கிருந்த மருத்துவர் என் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. அன்று காலைதான் மழித்திருந்தேன். பார்த்திருந்தாலும் தெரிந்திருக்குமா என்று சொல்ல முடியாது.

"உடம்பைக் குறைக்கச் சொல்லுங்க. கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடும்," என்று அம்மாவிடம் சொன்னார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. முடியைப் பற்றி நான் சொல்ல வாய் திறந்தபோது அம்மா என் கையை அழுத்தினார். மூடிக்கொண்டேன்.

படிப்பு முடிந்ததும் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. தூசி படக்கூடாத அறை. தலைமுதல் கால்வரை வெள்ளை அங்கி, முகமூடி. கண் மட்டும் தெரியும். மற்றவர்கள் மூச்சு முட்டுகிறது என்று குறைப்பட்டுக்கொள்வார்கள். எனக்கு வாழ்நாளில் அவ்வளவு நிம்மதியான இடம் கிடைத்ததில்லை. சாப்பாட்டு வேளையில் முகமூடியைக் கழற்ற வேண்டும் என்பதால், அதற்குப் பத்து நிமிடம் முன்பே கழிப்பறைக்குப் போய் இன்னொரு முறை மழித்துவிட்டு வருவேன். தலையை மட்டும் மாற்றிக்கொள்ளும் இரட்டை பிளேடு கத்தி. இரண்டு பிளேடு என்றால் இரண்டு மடங்கு சுத்தம் என்று நம்பினேன். முடி தோலுக்குள்ளேயே மடங்கி வளர்ந்து, மயிர்க்கால் அழற்சி (முடி முளைக்கும் குழியில் சீழ் பிடித்தல்) வந்து, தாடையெல்லாம் கரும்புள்ளி விழுந்தது.

இருபத்தெட்டில் திருமணம். சேகர் வங்கியில் வேலை பார்த்தார். மென்மையாகப் பேசுவார். தினமும் அவருக்கு முன்பே எழுந்து, தாழிட்டு, குழாயைத் திறந்துவிட்டு மழிப்பேன். மின்சாரக் கருவி வாங்கலாம் என்று ஆசை இருந்தது. அதன் இரைச்சல் சுவருக்கு அப்பால் கேட்கும். அவர் என் முகத்தைத் தொட வந்தால் கையைப் பிடித்துக் கழுத்துக்கு நகர்த்திவிடுவேன். அதை அவர் வெட்கம் என்று எடுத்துக்கொண்டார்.

இப்படித்தான் அந்த வார்டுக்கு வந்து சேர்ந்தேன்.

நான்காம் நாள் தாடை முழுவதும் நிழல் படிந்திருந்தது. கத்தியை வாங்கிப் போன தாதி, நான் கேட்காமலே ஒரு முகமூடி கொண்டுவந்து தந்தார். ஐந்தாம் நாள் அதையும் மீறி ஓரங்களில் முடி தெரிந்தது. காய்ச்சலில் வேர்த்து முகமூடி முகத்தோடு ஒட்டியிருந்தது.

மாலை பார்வையாளர் நேரத்தில் சேகர் வந்தார். கையில் பப்பாளி இலைச் சாறு. தட்டணு ஏறும் என்று யாரோ சொல்லி, அவரே இடித்துப் பிழிந்து கொண்டுவந்திருந்தார்.

"ரெண்டு வாய் குடிச்சிடு, கசக்கும்," என்றார். எனக்கு எழுந்து உட்காரத் தெம்பில்லை. குவளையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் அவரே முகமூடியைக் கீழே இழுத்தார்.

சாறு இருந்த குவளையை மேசையில் வைத்தார். பார்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அவர் முகமூடியை மேலே ஏற்றி, மூக்குவரை சரியாக இழுத்துவிட்டார். "எங்கம்மா நாளைக்கு உன்னப் பார்க்க வரேன்னாங்க. வேணாம்னு சொல்லிடறேன்," என்றார்.

என் மானத்தைக் காக்கிறார் என்று அன்று நினைத்தேன். சாறைக் குடிக்கக் கொடுக்க மறந்துவிட்டார் என்பது அவர் போன பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் வார்டு சுற்றில் வந்த பெண் மருத்துவர் இளையவர், மலாய்க்காரர். பேசியது மலாயில். முகமூடியை எடுக்கச் சொன்னார். எடுத்தேன். முகம் சுளிக்கவில்லை. வெளிச்சத்துக்குத் திருப்பி, விரலால் தடவிப் பார்த்தார். அம்மாவுக்குப் பிறகு என் தாடையைத் தொட்ட முதல் ஆள் அவர்.

"எத்தனை வயதிலிருந்து?"

"பதினைந்து."

"மாதவிலக்கு?"

சொன்னேன்.

"அம்மாவுக்கு, சகோதரிகளுக்கு இப்படி இருக்கிறதா?"

"இல்லை. எனக்கு மட்டும்தான்."

எழுதிக்கொண்டார். காய்ச்சல் குணமான பிறகு இரத்தப் பரிசோதனை, வயிற்று ஸ்கேன். சினைப்பை நீர்க்கட்டி நோய்க்குறி என்றார் (சினைப்பையில் சிறுசிறு கட்டிகள் சேர்ந்து, ஆண்களுக்கு அதிகமாகச் சுரக்கும் ஹார்மோன் பெண்ணுடலில் மிகுந்துவிடும் நிலை). ஏராளமான பெண்களுக்கு இருக்கிறது என்றார். அந்தச் சொல் எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். எனக்குக் கோபம்தான் வந்தது. அவ்வளவு பெண்களும் எங்கே இருந்தார்கள்?

தோல் பிரிவில் ஒரு மருத்துவ உதவியாளர் எனக்கு மழிக்கக் கற்றுக்கொடுத்தார். வெந்நீரில் முகத்தை நனைத்துக் காத்திருக்க வேண்டும். நுரை வேண்டும். முடி வளரும் திசையிலேயே இழுக்க வேண்டும். என் கழுத்தில் அது பக்கவாட்டில் வளர்கிறது. இரட்டை பிளேடு எனக்கு ஆகாது. ஒற்றை பிளேடுதான் தோலுக்கு நல்லது. பிளேடு வைத்தால் முடி தடிக்கும் என்பது பொய். வெட்டுப்பட்ட நுனி மழுங்கி நிற்பதால் கையில் குத்துகிறது, அவ்வளவுதான். எல்லாம் சேர்த்துக் கால்மணி நேரம். பையன்களுக்கு மீசை அரும்பும்போது அப்பா சொல்லிக்கொடுத்துவிடுகிற விஷயம். எனக்கு முப்பத்தொரு வயதில் ஒரு அந்நியர் சொன்னார்.

சேகர் ஒரு மாதம் எதுவும் பேசவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூட்டிக்கொண்டு என் பெற்றோர் வீட்டுக்குப் போனார். உட்கார்ந்ததும் கேட்டுவிட்டார்.

"உங்க எல்லாருக்கும் தெரியுமா? தெரிஞ்சேதான் எனக்குக் கட்டி வெச்சீங்களா?"

அப்பா விழித்தார். அவருக்கு உண்மையிலேயே எதுவும் தெரியாது. அம்மா என் பக்கம் திரும்பாமல் சொன்னார்:

"சத்தியமா எங்களுக்கு ஒன்னும் தெரியாது மாப்பிள்ளை. கல்யாணத்துக்கு அப்புறம் வந்திருக்கும்."

நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். தேய்த்துத் தேய்த்து என் தோலை உரித்த அம்மாவின் கை, அவர் மடியில் அமைதியாகக் கிடந்தது.

சிகிச்சையில் இரண்டு வழி இருந்தது. முடியைக் குறைக்கும் மாத்திரை ஒன்று. அதை எடுக்கும்போது கருத்தரிக்கக் கூடாது, சிசுவைப் பாதிக்கும். இன்னொன்று, கருமுட்டை முதிர உதவும் மாத்திரை. அது முடியை ஒன்றும் செய்யாது. இரண்டையும் ஒன்றாக எடுக்க முடியாது. மருத்துவர் எங்கள் இருவரையும் உட்காரவைத்து விளக்கினார்.

"மொதல்ல பிள்ளை. மூஞ்சிய அப்புறம் பார்த்துக்கலாம்," என்றார் சேகர்.

ஒன்றரை ஆண்டு அந்த மாத்திரையைச் சாப்பிட்டேன். மருத்துவமனையில் நாள் குறித்துக் கொடுப்பார்கள். அந்த நாள்களில் மட்டும் அவர் அறைக்குள் வருவார், விளக்கைப் போடமாட்டார். மற்ற நாள்களில் ஹாலில் படுத்துக்கொள்வார். பிள்ளை தங்கவில்லை. ஒருநாள் காலை, மழித்துவிட்டுக் கதவைத் திறந்தேன். வாசலில் நின்றிருந்தார்.

"நாளையிலேருந்து நான் மத்த மாத்திரையை எடுக்கப் போறேன்," என்றேன்.

"அப்ப இனிமே சேர்ந்து இருக்கறது எதுக்கு?" என்று கேட்டார். சண்டைக் குரலில் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அந்த மாதமே கெலுகோரில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அது நடந்து பத்து ஆண்டு ஆகிறது. மாத்திரை மெதுவாகத்தான் வேலை செய்யும். ஒரு முடி வளர்ந்து, நின்று, உதிர மாதக்கணக்காகும். இன்று விழுங்கும் மாத்திரை அரை ஆண்டு கழித்துத்தான் முகத்தில் தெரியும். முதல் மூன்று மாதங்களில் பலன் இல்லை என்று நிறுத்திவிடாதீர்கள். இரத்தத்தில் பொட்டாசியம் (உடலிலுள்ள உப்புச் சத்து) ஏறாமல் பார்த்துக்கொள்ளப் பரிசோதனை உண்டு, அதைத் தவறவிடாதீர்கள். முழுக்கப் போகாது. எனக்கு இப்போது நான்கு நாளைக்கு ஒருமுறை மழித்தால் போதும்.

போன ஆண்டு அம்மாவுக்குக் கண்புரை (கண்ணின் வில்லையில் படரும் மங்கல்) அறுவை சிகிச்சை நடந்தது. சொட்டு மருந்து விட ஆள் வேண்டும் என்று ஒரு வாரம் அங்கே தங்கினேன். ஐந்தாம் நாள் அம்மா என்னைக் குளியலறைக்குள் கூப்பிட்டார். நான் நுழைந்ததும் கதவைத் தாழிட்டார்.

"கண்ணாடியில ஒன்னும் சரியாத் தெரியல. நாளைக்கு உன் சித்தி வராங்க. கொஞ்சம் பிடுங்கி விடு," என்று கைக்குட்டையில் சுற்றிய சிறு இடுக்கியை என் கையில் வைத்தார்.

சன்னல் வெளிச்சத்துக்கு முகத்தைத் திருப்பினேன். வெள்ளையும் கறுப்புமாகக் கெட்டி முடி, தாடையின் இரண்டு பக்கமும். வயதான பெண்களுக்கு ஒன்றிரண்டு வருமே, அது இல்லை. முடிக்கு அடியில் தோலெல்லாம் கரும்புள்ளிகள். அந்தப் புள்ளிகளை எனக்குத் தெரியும். அம்மா எப்போதும் பவுடர் பூசியிருப்பார்.

"எப்பலேருந்தும்மா?"

அம்மா இடுக்கியைக் காட்டி, பிடுங்கு என்று சைகை செய்தார்.

"எப்பலேருந்து?"

"பதினாலு வயசுலேருந்து."

"அப்பாவுக்கு?"

"தெரியாது."

"நாப்பத்தஞ்சு வருஷமாவா?"

"தெரியாதுன்னு சொல்றேன்ல. மெதுவாப் பேசு, ஹால்ல இருக்காரு."

"எனக்கு ஏம்மா சொல்லல?"

"சொன்னா? பரம்பரையா வருதுன்னு ஆயிடும். உன்னை யாரு கட்டுவா?" என்றார். முகத்தை வெளிச்சத்துக்கு நகர்த்திக்கொண்டு, "நான் சமாளிச்சேன். நீயும் சமாளிச்சிடுவேன்னு நெனச்சேன்," என்றார்.

அம்மாவுக்கு இருக்கிறதா என்று அந்த மருத்துவர் கேட்டதும், எனக்கு மட்டும்தான் என்று நான் சொன்னதும் நினைவுக்கு வந்தன. ஒரே வீட்டில், ஒரே குளியலறையில், ஒரே தாழ்ப்பாளை மாறி மாறிப் போட்டுக்கொண்டு இரண்டு பேர் இருந்திருக்கிறோம். அதில் ஒருவருக்கு அது தெரிந்திருந்தது.

பிடுங்கினேன். நான் மெதுவாகச் செய்யவில்லை; அதையும் சொல்லிவிட வேண்டும். "வலிக்குது," என்றார் இருமுறை. முடிந்ததும் புறங்கையால் தாடையைக் கீழிருந்து மேலாகத் தடவிப் பார்த்தார். திருப்தியானார். இடுக்கியைச் சுற்றி வைத்து, பவுடர் பூசி, கதவைத் திறந்துகொண்டு போய், "ஏங்க, டீ போடவா?" என்று அப்பாவிடம் கேட்டார். குரலில் ஒன்றுமே இல்லை.

நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னித்தால் நிம்மதி வரும் என்கிறார்கள். வரட்டும், பார்க்கலாம்.

உங்கள் மகளுக்கோ தங்கைக்கோ முகத்தில் முடி கண்டால், அவளைக் கிள்ளாதீர்கள். மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். உங்களுக்கும் இருந்தால், அதை அவளிடம் சொல்லுங்கள். வேறு எதையும் நீங்கள் செய்யாவிட்டாலும் பரவாயில்லை.

எனக்கு நாற்பத்து மூன்று வயது. மழிக்கத் தேவையில்லாத நாள்களிலும் உடம்பு ஐந்து மணிக்கே எழுந்துவிடுகிறது. குளியலறை வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வருவேன். இந்த உடம்பு என்னுடையது என்று தோன்ற ஆரம்பித்திருக்கிறது. ஆனால் யாரோ பல ஆண்டு பயன்படுத்திவிட்டுக் கொடுத்ததைப்போலத்தான் தோன்றுகிறது.

சென்ற மாதம் ஒருநாள் தொழிற்சாலைக் கேண்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கை தற்செயலாகத் தாடையில் பட்டது. சொரசொரத்தது. அன்று மழிக்க வேண்டிய நாள், மறந்துவிட்டு வந்திருக்கிறேன். எதிரில் மூன்று பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து ஓடவில்லை. சோற்றைச் சாப்பிட்டு முடித்தேன்.

இப்படி மறப்பதற்கு எனக்கு இருபத்தெட்டு ஆண்டுகள் ஆயின. அப்பா ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மறப்பார். முள்முள்ளாய் நிற்கும் முகத்தோடு சந்தைக்குப் போவார், சொந்தக்காரர் வீட்டுக்குப் போவார், வாசலில் நின்று எல்லாரிடமும் சிரித்துப் பேசுவார். அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.